நூற்றுக்கு நான்கு

ஓடைப்பட்டி
4 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய வைகுண்டராஜ் சாருக்கு,

வணக்கம். நான் அனுசுயா, திராட்சைத் தோட்டம் சீனிச்சாமியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பெங்களூர் அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஆசை. லட்சம் பேர் எழுதி நூற்றுச் சொச்சம் பேரை எடுக்கும் இடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 31.

ஒரு காலத்தில் சின்னமனூர், தேனி, கம்பம் பிள்ளைகள் எல்லாரும் உங்களுடைய பன்னிரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி மலைக்கு அனுப்புவார்களாம். இடம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஒரே ஒரு எண்ணை அட்டையில் எழுதி அனுப்புவீர்களாம். அது தவறியதே இல்லையாம். என் விடைகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்கு அந்த எண் தேவைப்படுவதற்குக் காரணம் அப்பா. "மலை சார் அம்பதுக்கு மேல சொன்னாகன்னா போ. இல்லேன்னா பேசாம இங்கனயே படி" என்றுவிட்டார். அவர் கையெழுத்துப் போடாமல் விண்ணப்பம் போகாது. வேறு யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

என் அண்ணன் பாண்டீஸ்வரனும் பதினொரு வருடங்களுக்கு முன் உங்களிடம் எண் கேட்டான். நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சீ. அனுசுயா


மேகமலை
12 செப்டம்பர் 2025

செல்வி அனுசுயாவுக்கு,

உன் கட்டு வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பிரித்துவிட்டேன்.

நான் எண் சொல்வதை நிறுத்திப் பதினொரு வருடம் ஆகிறது. எஸ்டேட் அலுவலகத்தில் காகிதம் பார்க்கிறேன். காலை எட்டரைக்கு மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மானியைத் திரும்ப வைக்கிறேன். இயற்பியல் முதுகலைக்கு இந்த மலை கொடுத்த வேலை இது. கீழே ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து வருடம் பாடம் நடத்தினேன். தாளாளரின் மைத்துனருக்கு என் நாற்காலி தேவைப்பட்டதும், நான் மாணவர்களைப் பயமுறுத்துவதாக ஒரு தாள் தயாரானது. ஐந்து ஆசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். ஐவரின் பெயரும் தெரியும். எந்த நிற மையில் கையெழுத்திட்டார்கள் என்பதும் தெரியும்.

நீ போக விரும்பும் அதே இடத்துக்கு 1994இல் நேர்காணலுக்குப் போனேன். எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்கு ரயில் சேலம் தாண்டியதும் வந்தது. அதற்குள் அவர்கள் அடுத்தவனை எடுத்திருப்பார்கள்.

இப்போது உன் தாள்கள். ஆறாவது கேள்வியில் அணையின் நீர்மட்டம் 140 அடி என்று கொடுத்திருக்கிறேன். நீ 142 என்று எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். பெரியாறு அணை 142 அடி என்று தாய்ப்பாலோடு குடித்த கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மதுரையிலிருந்து வந்த ஒருவரும் செய்ததில்லை. அதை விடுகிறேன்.

ஒன்பதாவது கேள்வி. தராசுத் தட்டில் விழும் சங்கிலியை நீ கண்ணி கண்ணியாக வரையவில்லை. திராட்சைப் பழங்களைப் போல வட்டம் வட்டமாக வரைந்திருக்கிறாய். இப்படி வரைந்த இன்னொரு தாளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தாள்.

இந்தக் கேள்விகள் உனக்கு எங்கே கிடைத்தன? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதைச் சொல்லாமல் எண் கிடையாது.

வைகுண்டராஜ்


ஓடைப்பட்டி
18 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

கேள்வித்தாள் அண்ணனின் பெட்டியில் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் போனபோது எனக்கு ஆறு வயது. விரல்களைக் கொண்டு பெருக்கல் போடக் கற்றுக்கொடுத்தான் என்பது மட்டும்தான் ஞாபகம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 நவம்பர் கடைசி. பெரியாற்றில் 142 அடி தேக்கினார்கள் என்று ஊரெல்லாம் வெடி போட்டுக்கொண்டிருந்த வாரம். உங்கள் அட்டை வந்தது. அதில் "4" என்று எழுதியிருந்தது. அண்ணன் அதை அன்று முழுவதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். மறுநாள் விடிந்ததும், "மேல போயி சாரப் பாத்து என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன்த்தா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சின்னமனூரில் முதல் பஸ் ஏறினான். கண்டக்டர் ஒச்சாண்டி அவனை உங்கள் எஸ்டேட் நிறுத்தத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். நீங்கள் போலீஸிடம் யாரும் வரவில்லை என்று சொன்னீர்கள். ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு ஒரே வரியைத்தான் சொல்கிறார். "நாலுதான்னு சாரு அன்னைக்கே சொல்லிட்டாக. தாங்கமாட்டாமப் போயிட்டான்." அவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று அவர் நம்புவது உங்கள் எண்ணால்தான். என்னை வெளியே விடாததும் அதனால்தான்.

எங்கே கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். இப்போது என் எண்ணைச் சொல்லுங்கள், சார்.

அனுசுயா


மேகமலை
29 செப்டம்பர் 2025

அனுசுயாவுக்கு,

எண்பத்தொன்று.

தனி அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறேன். உன் தந்தையிடம் காட்டு. ஆறாவது கேள்வியில் அந்தத் தவறு இல்லாவிட்டால் இன்னும் மூன்று கூடியிருக்கும். வழக்கம்போல் தாள்களையும் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தாய். போலீஸிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். பனி மூட்டமாக இருந்த நாள் அது. இங்கே பனி இறங்கினால் கை நீட்டினால் விரல் தெரியாது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கண்டிப்பு. ஒரு கட்டு போதும். இரண்டாவது கட்டை ஏன் அனுப்பினாய்? நேற்றுக் காலை என் ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஒச்சாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். மழையில் நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எழுத்தும் உன்னுடையது போல் இல்லை, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவசரத்தில் எழுதினாயா?

இன்னொன்று. அந்த இரண்டாவது கட்டில் விடை எழுதியிருக்கும் பன்னிரண்டு கேள்விகளும் பழையவை அல்ல, நான் 2015இல் புதிதாக எழுதியவை. எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒருவருக்கும் அனுப்பவில்லை. அவை உன் கைக்கு எப்படி வந்தன?

வைகுண்டராஜ்


ஓடைப்பட்டி
6 அக்டோபர் 2025

வைகுண்டராஜ் சாருக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. நன்றி சொல்லப் போவதில்லை.

நான் அனுப்பியவை என் விடைகள் அல்ல. அண்ணனுடைய விடைகள். நீங்கள் 2014இல் திருப்பி அனுப்பிய தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக என் கையெழுத்தில் எழுதினேன். 142ஐயும் விடவில்லை. திராட்சை வட்டங்களையும் எண்ணி அத்தனை போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். போன கோடை விடுமுறையில் அவனுடைய கடைசித் தாளின் முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏதோ எழுதி அழித்த பள்ளம் தெரிந்தது. பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தேன். 81 என்று வந்தது. உங்களிடம் தாள் அனுப்பிய மற்றவர்களிடமும் கேட்டேன். தேனியில் ஜோதிலட்சுமி அக்கா, கம்பத்தில் அப்துல் வாஹித் அண்ணன். அவர்களுடைய தாள்களிலும் அழித்த எண் இருந்தது. முதலில் பென்சிலில் போட்டு, ஒரு நாள் வைத்துப் பார்த்து, அழித்துவிட்டு அட்டையில் எழுதுவது உங்கள் பழக்கம் என்று தெரிந்தது. அவர்களுக்கெல்லாம் பென்சில் எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றுதான். என் அண்ணனுக்கு மட்டும்தான் வேறு.

அதே தாளுக்கு நீங்கள் இப்போதும் 81 போட்டிருக்கிறீர்கள். எண் தவறவில்லை சார். நீங்கள்தான் தவறினீர்கள்.

உங்கள் புது அட்டையையும் அண்ணனின் அந்தத் தாளையும் அப்பா முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. அம்மா கூப்பிடப் போனபோது பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, "எம்புள்ளைய நானே நாலுன்னு சொல்லிட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் உங்களுக்கு ஒரே ஒரு கட்டுதான் அனுப்பினேன். இரண்டாவது கட்டு என்று சொல்லி என்னைப் பயமுறுத்தப் பார்க்காதீர்கள். ஒச்சாண்டியிடமும் கேட்டேன். உங்கள் ஜன்னலில் அவர் எதையும் வைக்கவில்லை.

ஏன் நான்கு என்று எழுதினீர்கள்? அவன் அன்று அங்கே வந்தானா?

அனுசுயா


மேகமலை
15 அக்டோபர் 2025

அனுசுயாவுக்கு,

என்னை யாரும் இவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். இப்போது கேட்டதற்குப் பதில்.

1994இல் என்னிடம் கேட்ட கேள்வி அந்த ஒன்பதாவது கேள்விதான். சங்கிலி தராசுத் தட்டில் விழுந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் எடை என்ன? எனக்கு அதற்குச் சேலம்வரை ஆயிற்று. உன் அண்ணன் நான்கு வரியில் முடித்து, ஓரத்தில் "மூன்று மடங்கு. அழகா இருக்கு சார்" என்று எழுதியிருந்தான். அன்றிரவு பென்சிலில் 81 போட்டேன். மறுநாள் காலையில் அதைப் பார்த்தபோது, திராட்சைத் தோட்டத்துப் பையன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஐந்து பேருடன் சிரித்துப் பேசுவது தெரிந்தது. அழித்தேன். அவன் எழுதிய வரி நான்கு. அதையே எண்ணாகப் போட்டேன்.

அவன் வந்தான்.

காலை எட்டே கால் இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியில் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அட்டையைக் கையில் வைத்திருந்தான். கதவைத் தட்டவில்லை. நான் வெளியே வருவேன் என்று காத்திருந்தான். நான் போகவில்லை. எட்டரை ஆனதும் அவனே மானியைத் திறந்து அளவு பார்த்தான், தண்ணீரைக் கொட்டினான், திரும்ப வைத்தான். எனக்கு உதவுகிறானாம். பிறகு ஜன்னலுக்கு வந்து, "நாப்பத்திரெண்டு மில்லி சார். எழுதி கல்லுக்கடியில வச்சிருக்கேன்" என்றான். கொஞ்சம் நின்று, "நெசமா எத்தனை சார்?" என்றான்.

ஜன்னலைச் சாத்தினேன். "அட்டையில் உள்ளதுதான்" என்று உள்ளேயிருந்து சொன்னேன்.

அவன் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. ஏரிக்குப் போகும் பாதையில் இறங்கினான். அந்தப் பாதையில் யானை இருந்ததா, சேறு இருந்ததா, எனக்குத் தெரியாது. பின்னால் போய்க் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம். கூப்பிடவில்லை. போலீஸ் வந்தபோது, வந்தான் என்று சொன்னால் ஏன் வந்தான் என்று கேட்பார்கள் என்று பயந்தேன்.

இது நீ கேட்டதற்கு. இனி நீ கேட்காதது.

மூன்றாவது கட்டும் வந்துவிட்டது. இந்தக் கேள்விகளை நான் தாளில்கூட எழுதவில்லை. சென்ற வாரம் மனதுக்குள் யோசித்துப் பார்த்தவை. எட்டு வரைதான் யோசித்திருந்தேன். கட்டில் எட்டு விடைகள்தான் இருந்தன. கடைசித் தாளின் முதுகில் "எத்தனை சார்?" என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து இடம் விட்டிருக்கிறது. சங்கிலி இல்லாத கேள்விகள்தான் எல்லாம். ஆனாலும் ஒரு மூலையில் திராட்சை வட்டங்கள்.

இந்த மாதம் முழுக்க விடாத மழை. ஆனால் எட்டரைக்கு நான் போகும்போது மழைமானி காலியாக இருக்கிறது. கல்லுக்கு அடியில் ஒரு துண்டுத்தாளில் அன்றைய அளவு இருக்கிறது. இரண்டு மைல் தள்ளி அடுத்த எஸ்டேட்டில் எடுக்கும் அளவுடன் ஒப்பிட்டேன். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. எஸ்டேட் மேலாளரிடம் சொன்னேன். என்னை ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நீதான் யாரையாவது அனுப்பி இதைச் செய்கிறாய் என்றால், சொல்லிவிடு. கோபப்படமாட்டேன். நீதான் என்று சொல்லிவிடு.

வைகுண்டராஜ்


ஓடைப்பட்டி
23 அக்டோபர் 2025

சாருக்கு,

நான் இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜன்னலைச் சாத்திய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். அழவில்லை. பதினொரு வருடமாக அவள் என்ன நினைத்திருந்தாளோ, அது சரிதான் என்று தெரிந்துகொண்டது போல இருந்தாள்.

துண்டுத்தாள்களைப் பற்றிப் படித்தபோது நான் நிறுத்திவிட்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. "கேட்டு வந்த புள்ளைக்குப் பதில் சொல்லாமச் சன்னலச் சாத்துனா, அது கேட்டுக்கிட்டேதான் நிக்கும். மழையில நின்னுக்கிட்டு இருக்கான். சொல்லச் சொல்லு" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. என் சொந்த விடைகளை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. எண் தெரியாமலே எழுதிப் பார்க்கிறேன்.

நவம்பர் 5 புதன்கிழமை முதல் பஸ்ஸில் அப்பா, அம்மா, நான் மூவரும் வருகிறோம். ஏரிப் பாதையை நீங்கள் எங்களுக்குக் காட்ட வேண்டும். பிறகு எங்களுடன் கீழே இறங்கி, ஸ்டேஷனில் இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்து அவனுக்கு எண்ணைச் சொல்லுங்கள்.

அனுசுயா


மேகமலை
3 நவம்பர் 2025

அம்மா அனுசுயா,

சொன்னேன்.

நேற்றுக் காலை எட்டே காலுக்கு ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்து மேசையை நனைத்தது. பைத்தியக்காரன்போல் வெறும் பனியைப் பார்த்துப் பேச வெட்கமாக இருந்தது. அந்த ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்தபோது இருந்த அதே வெட்கம். "எண்பத்தொன்று" என்றேன். போதவில்லை என்று தோன்றியது. "எண்பத்தொன்று, பாண்டீஸ்வரா. அன்றைக்கும் அதுதான்" என்று சொன்னேன்.

மழைமானியின் மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்கவில்லை.

எட்டரைக்குப் போனேன். மானி நிறைந்திருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு நானே அளந்து எழுதினேன். கை பழகியிருக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று விடிந்ததுமே போய்ப் பார்த்தேன், கல்லுக்கு அடியில் துண்டுத்தாள் இல்லை. ஓர் அட்டை இருந்தது. நான் எண் எழுதி அனுப்பும் அதே வகை அட்டை. பழையது, மடிந்து நைந்தது, சட்டைப் பையில் வைத்துத் திரிந்தது போல. என் கையெழுத்தில் 4 என்று இருந்தது. அதன் கீழே, வலப்பக்கம் சாய்ந்த பென்சில் எழுத்தில், "இது உங்களுக்கு, சார்."

எதற்கான வாய்ப்பு என்று எழுதவில்லை. நானும் யாருக்கும் எழுதியதில்லை. ஆனால் பெற்றுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் அது எதைப் பற்றியது என்று தெரிந்திருந்தது. எனக்கும் தெரிகிறது.

கேவலம் நான்கு என்று கோபம் வந்தது. மறைப்பதற்கில்லை. என்னை எப்போதும் குறைத்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள். பிறகு கணக்கைச் சரியாகப் பார்த்தேன். நூறு முறை அந்த ஏரிப் பாதையில் இறங்கினால் நான்கு முறை அவன் இருக்கும் இடத்தை அடைவேன். நான்கு என்பது பூஜ்யம் அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று ஜன்னல் வழியாக அவனிடம் சொல்லியிருக்கலாம். பொய் எண்ணோடு சேர்த்தாவது சொல்லியிருக்கலாம்.

போலீஸுக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதி, இந்தக் கடிதத்துடன் ஒச்சாண்டி கையில் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை வாருங்கள். பாதையை முதலில் நான் இறங்கிப் பார்த்துவிடுகிறேன். பனி இறங்குகிறது. மணி எட்டு.

வைகுண்டராஜ்


மேகமலை
5 நவம்பர் 2025

சாருக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று மாலையே ஒச்சாண்டி வீட்டில் கொடுத்துவிட்டார். போலீஸுக்கான உறையை அப்பா ஸ்டேஷனில் கொடுத்தார். இன்று எங்களுடன் இரண்டு காவலர்களும் வந்திருக்கிறார்கள்.

உங்கள் அறை திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. மேசையில் இருந்த தாள்கள் எல்லாம் நனைந்திருக்கின்றன. உங்கள் குடை ஆணியில் தொங்குகிறது. முந்தாநாள் காலை எட்டு மணிக்கு மேல் உங்களை யாரும் பார்க்கவில்லை என்று மேலாளர் சொன்னார். அப்பாவும் காவலர்களும் ஏரிப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். பனி விலகும்வரை அம்மாவையும் என்னையும் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா, "வைகுண்டராஜ் சார்" என்று ஒரு முறையும், "பாண்டி" என்று ஒரு முறையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவது கேட்கிறது. இப்போது கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை.

எட்டரைக்கு அம்மாதான் மழைமானியைப் போய்ப் பார்த்தாள். இரவெல்லாம் மழை பெய்திருக்கிறது, மானி காலியாக இருந்தது. கல்லைத் தூக்கினாள். இரண்டு துண்டுத்தாள்கள் இருந்தன, நேற்றையதும் இன்றையதும். நேற்று 38. இன்று 42. ஈரம் காயவில்லை.

அம்மா அவற்றை எடுத்து எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அண்ணனின் எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். "இது அவன் எழுத்து இல்லத்தா" என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்கு அந்த எழுத்து தெரியும், சார். இரண்டு மாதமாக எனக்கு வரும் கடிதங்களில் பார்த்த எழுத்து.

அம்மா வெகு நாளைக்குப் பிறகு மூச்சை முழுதாக விட்டாள். "அவன் கெளம்பிட்டான்" என்றாள்.

ஜனவரியில் எனக்குத் தேர்வு. இந்தக் கடிதத்தை மடித்துக் கல்லுக்கு அடியில் வைக்கிறேன். நாளை எட்டரைக்கு எடுத்துப் படித்துக்கொள்வீர்கள். நீங்கள் ஏதாவது கேட்டு நின்றால், ஜன்னலைத் திறந்து பதில் சொல்ல இந்த அறையில் இப்போது யாரும் இல்லை. ஜன்னலை மட்டும் சாத்தாமல் போகிறேன்.

அனுசுயா